ஜன்னலோர சீட்டும் ஏழு டப்பாவும்

போன வருஷம் ஜனவரியில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போனேன். ஸ்டூடியோ பையன் என் முகத்தைத் திரையில் பெரிதாக்கி, அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "டீச்சர், இடது பக்கம் மட்டும் கொஞ்சம் டச் பண்ணிரவா?" என்றான். அவன் என்னிடம் வேதியியல் படித்தவன்தான். மூன்று மதிப்பெண்ணில் பாஸானவன். ஆனால் கண் கூர்மை. திரையில் பார்த்தேன். வலது கன்னம் ஐம்பது வயதுக்குப் பழுதில்லை. இடது கன்னத்தில் எலும்பு மேட்டில் மங்கு படர்ந்திருந்தது, கண்ணோரத்தில் கோழிக்கால் மாதிரி கோடுகள், தோலே கொஞ்சம் தடித்த மாதிரி. ஒரே முகத்தில் இரண்டு வயது.

அன்று ராத்திரி சென்னையில் இருக்கும் மகளிடம் சொன்னேன். அவள் அங்கிருந்தே ஆர்டர் போட ஆரம்பித்தாள். அப்புறம் எனக்கும் சூடு பிடித்துவிட்டது. பதினெட்டு மாதத்தில் ஏழு சரக்கு வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு தடவை வாங்கிய கணக்கு மட்டும் 4,986 ரூபாய். கம்பெனி பெயர்களை எழுதப் போவதில்லை. ஒரே மூலப்பொருளைப் பத்துப் பேர் பத்து டப்பாவில் விற்கிறார்கள். அதனால் டப்பாவை விட்டுவிட்டு உள்ளே இருப்பதற்கு மார்க் போடுகிறேன். மார்க் போடுவதுதான் எனக்குப் பழக்கப்பட்ட வேலை.

முதலில் இடது கன்னத்துக்கு ஏன் அந்தக் கதி என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. வீடு விருதுநகர், பள்ளிக்கூடம் சாத்தூர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வழித்தடம். காலையில் பஸ் தெற்கே போகும், சூரியன் கிழக்கே, அதாவது இடது ஜன்னலில். சாயங்காலம் பஸ் வடக்கே திரும்பும், சூரியன் மேற்கே. அதுவும் இடது ஜன்னல். பெண்கள் சீட்டு எந்தப் பக்கம்? இடது பக்கம். காற்று வரட்டும் என்று ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருக்கிறேன். போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். சாய்ந்த வெயில்தானே என்று நினைத்தது தப்பு. வெயிலின் புற ஊதாக் கதிர்களில் சுட்டெரிக்கும் யூ.வி.பி. வகைதான் காலையிலும் மாலையிலும் வெகுவாகக் குறையும். யூ.வி.ஏ. என்ற இன்னொரு வகை அந்த அளவுக்குக் குறையாது, கண்ணாடியை மூடினாலும் பெரும்பகுதி ஊடுருவி வரும், தோலுக்குள்ளும் ஆழமாக இறங்கும். 2012-ல் ஒரு மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க லாரி ஓட்டுநரின் படம் வந்தது. 28 வருஷம் லாரி ஓட்டியவர், வயது 69. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் என்பதால் முகத்தின் இடது பாதி மட்டும் தடித்து, வரிவரியாகத் தொங்கிக் கிடந்தது. வலது பாதியைப் பார்த்தால் பத்து வயது குறைத்துச் சொல்லலாம். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

சாட்சி வீட்டிலேயும் இருந்தது. அம்மாவுக்கு 76 வயது, சித்திக்கு 72. அம்மா வயசுக் காலத்தில் தீப்பெட்டி ஆபீஸில் ஓட்டுக் கூரைக்குக் கீழே குச்சி அடுக்கியவர். சித்தி வாழ்க்கைப்பட்டது மிளகாய்க் காட்டுக்காரர் வீட்டில். கரிசல்காட்டு வெயிலில் ஐம்பது வருஷம். இரண்டு பேரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே சாப்பாடு, ஒரே மஞ்சள், ஒரே தேங்காயெண்ணெய். இன்றைக்கு விசேஷ வீட்டில் யாராவது புதிதாகப் பார்த்தால் சித்தியைத்தான் அக்கா என்பார்கள். சித்திக்கு அதில் வருத்தம் உண்டு, வெளியே காட்ட மாட்டார்.

தோலில் நடப்பது இதுதான். தோலின் உள்ளடுக்கில் கொலாஜன் என்ற புரத இழைகள் கயிற்றுக் கட்டில் மாதிரி பின்னிக் கிடக்கின்றன. வெயில் பட்டால் செல்லுக்குள் ஆக்சிஜனின் முரட்டு வடிவங்கள் உண்டாகி, கொலாஜனை வெட்டும் நொதிகளைக் கிளப்பிவிடும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வெட்டு, கொஞ்சம் ஒட்டு. ஒட்டு எப்போதும் வெட்டுக்குச் சமமாக வராது. கட்டில் கயிறு தொய்கிற மாதிரி தொய்கிறது. இதற்கு மேல் பெண்களுக்கு இன்னொரு அடி: மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருஷத்தில் தோலின் கொலாஜனில் சுமார் 30 சதவிகிதம் போய்விடும் என்கிறார்கள். நான் அந்த ஐந்து வருஷத்துக்குள்தான் இருக்கிறேன். நம் நிறத்துக்கு மெலனின் ஓரளவு குடை பிடிக்கிறது, அதனால் வெள்ளைக்காரர்களை விட நமக்குச் சுருக்கம் தாமதம். ஆனால் அந்த மெலனினே மங்காகவும் திட்டாகவும் முதலில் வந்து நிற்கும். வெளிநாட்டு விளம்பரங்கள் கோட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது, நம் ஊர்ப் பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று தேய்த்துப் பார்ப்பது திட்டைத்தான்.

சரி, டப்பாக்களுக்கு வருவோம்.

முதலில் வந்தது கொலாஜன் கிரீம். 50 கிராம், 1,850 ரூபாய். ஏழில் இதுதான் விலை கூடியது, கனமான கண்ணாடி ஜாடி, மூடிக்கு அடியில் இன்னொரு மூடி. கொலாஜன் குறைந்தால் கொலாஜனையே பூசலாமே என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புக்கு மூலக்கூறு எடை நடத்துகிறவளிடம் இது எடுபடாது. தோலுக்குள் ஒரு பொருள் நுழைய வேண்டுமென்றால் அதன் மூலக்கூறு எடை ஏறக்குறைய 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்று 2000-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு விதி சொன்னார்கள். விதி என்றால் இரும்பு விதி இல்லை, குத்துமதிப்புக் கணக்கு. கொலாஜனின் முழு மூலக்கூறு சுமார் மூன்று லட்சம். வீட்டுச் சாவித் துவாரத்தில் கோயில் தேரை இழுக்கிற கதை. சின்னத் துண்டுகளாக உடைத்துப் போட்டிருக்கிறோம் என்பார்கள். அந்தத் துண்டுகளும் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில்தான்.

அப்புறம் பின்பக்க எழுத்தைப் படித்தேன். பூதக்கண்ணாடி வைத்துத்தான். மூலப்பொருள் பட்டியலில் ஒரு சூட்சுமம் உண்டு. அதிகம் உள்ளது முதலில், குறைவானது பின்னால் என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். ஒரு சதவிகிதத்துக்கும் கீழே உள்ளவற்றை மட்டும் இஷ்டப்பட்ட வரிசையில் எழுதிக்கொள்ளலாம். அந்த ஒரு சதவிகிதக் கோடு எங்கே என்று தெரிய வேண்டுமா? பினாக்சி எத்தனால் என்ற கெடாமல் காக்கும் பொருளைத் தேடுங்கள். அதை ஒரு சதவிகிதத்துக்கு மேல் போடக் கூடாது. அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஒரு சதவிகிதத்துக்கும் குறைச்சல் என்று தைரியமாக நினைக்கலாம். என் ஜாடியில் தண்ணீர், கிளிசரின், கொழுப்பு ஆல்கஹால், சிலிகோன், பினாக்சி எத்தனால், வாசனைப் பொருள், அதற்கும் பின்னால் கொலாஜன். 1,850 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது நல்ல வாசனையுள்ள கிளிசரின் கிரீம். ஈரப்பதம் தருகிறது, அதை மறுக்கவில்லை. 10-க்கு 2. அந்த இரண்டும் கிளிசரினுக்கு.

கொலாஜன் பொடி என்று ஒன்றை எதிர்வீட்டு அக்கா ஒரு டப்பா கொடுத்தார். பாலில் கலக்கிக் குடிக்க வேண்டுமாம். மீன் தோலில் எடுத்தது என்று பார்த்ததும் அவரே, வெள்ளிக்கிழமைகூடப் பார்க்காமல் பாதி டப்பா குடித்துவிட்டேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வயிற்றுக்குள் போனால் எந்தப் புரதமும் நறுக்கப்பட்டு அமினோ அமிலமாகவும் துணுக்குகளாகவும்தான் ரத்தத்துக்குப் போகும். அவை நேரே என் இடது கன்னத்துக்கு வந்து சேரும் என்பதற்கு விலாசம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆட்டுக்கால் பாயாவும் அதே சமாச்சாரம்தான், ருசி கூடுதல்.

ஹயலுரானிக் அமில சீரம், 599 ரூபாய். பெயரில்தான் அமிலம், எரிக்காது. நீரை இழுத்துப் பிடித்து வைக்கும் சர்க்கரைச் சங்கிலி அது. பெரிய மூலக்கூறு, மேலேயே தங்கும். தங்கினாலும் மேல் தோலை ஊற வைத்து மெல்லிய கோடுகளைச் சில மணி நேரம் மறைக்கும், ஊறவைத்த உலர்திராட்சை மாதிரி. ஒரு கல்யாணத்துக்குப் போகிற காலைக்குச் சரி. எங்கள் ஊர் சித்திரை மாதக் காற்றில் காய்ந்த முகத்தில் பூசினால் எனக்கு இழுத்துப் பிடித்தது. முகத்தை ஈரமாக வைத்துப் பூசி, உடனே மேலே ஒரு கிரீமும் போட வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அது தனியாக ஏதும் திருத்துவதில்லை. 4.

வைட்டமின் சி சீரத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும். அதில் எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலமே போனது.

கொலாஜன் இழை முறுக்கேறி நிற்க வைட்டமின் சி கட்டாயம். அது இல்லாமல் போன கப்பல்காரர்களுக்கு ஈறு கரைந்த கதையை ஒன்பதாம் வகுப்பிலேயே படித்திருப்போம். வெயில் உண்டாக்கும் முரட்டு ஆக்சிஜனையும் அது தணிக்கும். மூலக்கூறு எடை 176. கார்பன் ஆறு, ஹைட்ரஜன் எட்டு, ஆக்சிஜன் ஆறு, நீங்களே கூட்டிக்கொள்ளலாம். உள்ளே போகிற அளவுதான். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, கரைசல் நல்ல புளிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூலக்கூறில் மின்னூட்டம் ஏறிவிடும், தோலின் கொழுப்புப் படலம் வழி விடாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் என்ற தோல் மருத்துவரின் குழு பன்றித் தோலில் சோதித்து, புளிப்பைக் காட்டும் பி.எச். எண் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும், 20 சதவிகிதம் வரை போட்டால் பலன், அதற்கு மேல் வீண் என்று 2001-ல் எழுதியது. இரண்டாவது, காற்றும் வெளிச்சமும் பட்டால் அது கெட்டுப்போகும். இதைத் தடுக்கத்தான் வைட்டமின் ஈ-யும் ஃபெருலிக் அமிலமும் சேர்க்கிறார்கள். மூன்றும் சேர்ந்தால் வெயிலுக்கு எதிரான காப்பு இரண்டு மடங்காவதாக அதே குழு 2005-ல் காட்டியது.

என் சீரம் 15 சதவிகிதம், 699 ரூபாய். முதல் பாட்டிலைக் குளியலறை ஜன்னல் திட்டில் வைத்திருந்தேன். வாங்கியபோது தண்ணீர் நிறம். நாலு மாதத்தில் வரக்காப்பி நிறம். மகள் புதுப் பாட்டில் அனுப்பினாள். பழையதைத் தூக்கிப் போடுமுன் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

கடைசி மணி அடித்து பிள்ளைகள் போன பிறகு, ஆய்வகத்தில் லேப் அண்ணனும் நானும். முதலில் பி.எச். தாள். புதுசு 3 காட்டியது, நல்லது. இயற்பியல் டீச்சர் தன் கைப்பையிலிருந்து "வைட்டமின் சி" என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு கிரீமைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அது 6. பின்பக்கம் படித்தால் உள்ளே இருந்தது வைட்டமின் சி-யின் வேறொரு உருமாற்றம், அதுவும் வாசனைப் பொருளுக்குப் பின்னால். அவர் முகம் வாடிவிட்டது.

அப்புறம் அயோடின். வைட்டமின் சி அயோடினின் நிறத்தை அழிக்கும், கஞ்சித் தண்ணீர் அயோடினை நீலமாக்கும். இந்த இரண்டும் தெரிந்தால் சீரத்துக்குள் எவ்வளவு சரக்கு மிச்சம் என்று அளந்துவிடலாம். சத்துணவுக் கூடத்து ஆயாவிடம் மத்தியானம் வடித்த கஞ்சி அரை டம்ளர் வாங்கி வந்தோம். குடுவையில் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர், அதில் ஒரே ஒரு சொட்டு சீரம், ரெண்டு சொட்டுக் கஞ்சி. மேலிருந்து டெசிநார்மல் என்ற அடர்த்தியில் கலக்கிய அயோடின் சொட்டுச் சொட்டாக. சொட்டு விழுந்த இடத்தில் நீலம் பூக்கும், குடுவையைச் சுழற்றினால் மறையும். மறுபடி பூக்கும், மறையும். வைட்டமின் சி தீர்ந்த நொடியில் நீலம் மறையாமல் நிற்கும். 15 சதவிகிதம் உண்மையானால் 17 சொட்டு பிடிக்க வேண்டும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். புதுப் பாட்டில் 16-வது சொட்டில் நின்றது. லேப் அண்ணன், "கம்பெனிக்காரன் ஏமாத்தல டீச்சர்" என்றார். பழைய பாட்டில்? ஆறே சொட்டு. ஜன்னல் திட்டில் பாதிக்கு மேல் பஸ்மமாகிவிட்டிருந்தது. சொட்டுக் கணக்கு நுட்பமான கணக்கில்லைதான், ஃபெருலிக் அமிலமும் கொஞ்சம் அயோடினைத் தின்னலாம். ஆனாலும் பதினாறுக்கும் ஆறுக்கும் உள்ள தூரம் பெரிது.

அன்றிலிருந்து பாட்டில் ஃபிரிட்ஜில், தோசை மாவுக்குப் பின்னால். மஞ்சளாகத் திரும்பினாலே சுதாரித்துக்கொள்ள வேண்டும், பழுப்பானால் குப்பை. வேலை செய்கிற சரக்கு, ஆனால் பச்சைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். 6.

நியாசினமைடு, 549 ரூபாய். இது வைட்டமின் பி3-யின் ஒரு வடிவம், மூலக்கூறு எடை வெறும் 122, கெடாது, எரியாது, விலையும் கூடுதலில்லை. மெலனினைத் தயாரிக்கிற செல் அதைப் பொட்டலம் கட்டி மேல்தோல் செல்களுக்கு அனுப்பும். நியாசினமைடு தயாரிப்பைத் தொடாது, பொட்டலம் கைமாறுவதைத்தான் தாமதப்படுத்தும். 5 சதவிகிதத்திலேயே ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. கடையில் 10, 15 என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள், பஸ் டிக்கெட் மாதிரி. பரபரப்பில்லாத, ஒழுங்காக வேலைக்கு வருகிற ஊழியர். 6.

ரெட்டினாலில்தான் என் முகத்தோல் உரிந்தது. உண்மையாகவே உரிந்தது.

வைட்டமின் ஏ-யின் குடும்பம் இது. ரெட்டினால் தோலுக்குள் போய், ரெட்டினால்டிஹைடாக மாறி, அதன்பின் ரெட்டினாயிக் அமிலமாக மாறும். அந்தக் கடைசி வடிவம்தான் செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களின் சுவிட்சைத் தொடும். கொலாஜனை வெட்டும் நொதியை அடக்கும், புதுக் கொலாஜன் தயாரிப்பை முடுக்கும், மேல்தோல் செல்கள் மேலே வரும் வேகத்தைக் கூட்டும். நடுவில் இரண்டு படி இருப்பதால் ரெட்டினாலில் கொஞ்சம்தான் போய்ச் சேரும். மருந்துக் கடையில் டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கிற ட்ரெட்டினாய்ன் என்பது அந்தக் கடைசி வடிவமே, நேரடியாக.

என் ரெட்டினால் 0.3 சதவிகிதம், 30 மில்லி 649 ரூபாய், வந்தது பளபளப்பான வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற ஒரு பொருளை வெளிச்சம் நன்றாகப் படுகிற பாட்டிலில் அடைத்திருந்தார்கள். ஆனாலும் தொடக்கத்தில் வீரியம் இருந்தது போலும். ஆர்வக் கோளாறில் தினமும் ராத்திரி, அதுவும் மூன்று சொட்டு போட்டேன். ஆறாம் நாள் மூக்கோரமும் வாயோரமும் சிவந்து, உருளைக்கிழங்குத் தோல் மாதிரி சுருண்டு நின்றது. முதல் பெஞ்சுப் பிள்ளை எழுந்து, "டீச்சர், உங்களுக்கு அம்மை போட்டிருக்கா? எங்க வீட்டு வேப்பிலை கொண்டு வரவா?" என்றாள். அக்கறையாகத்தான் கேட்டாள். அன்று போர்டைப் பார்த்தபடியே பாடம் நடத்தினேன்.

அதன்பின் மதுரையில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன், கன்சல்டேஷன் 500 ரூபாய். என் டப்பாக் கதையைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. எழுதிக் கொடுத்தது ட்ரெட்டினாய்ன் 0.025 சதவிகிதம், 20 கிராம் டியூப். மருந்துக் கடையில் 190 ரூபாய். தகரம் மாதிரி மடங்குகிற அலுமினியக் குழாய், வெளிச்சமும் காற்றும் புகாது, அலங்காரமும் கிடையாது. "வாரத்துக்கு ரெண்டு ராத்திரி. முகம் நல்லா காய்ஞ்ச பிறகு. முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி. ரெண்டு பட்டாணி போட்டா ரெண்டு மடங்கு அழகு வராது, ரெண்டு மடங்கு எரிச்சல்தான் வரும்" என்றார். மேலே சாதாரண ஈரப்பத கிரீம். ஒரு மாதம் தாங்கினால் மூன்று ராத்திரி, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

இந்த மருந்தின் சரித்திரமும் கொஞ்சம் கறை பட்டதுதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன் இதை முதலில் முகப்பருவுக்குத்தான் கொண்டுவந்தார், 1960-களின் கடைசியில். நடுவயதுப் பெண்கள் சிலர், பரு மட்டுமில்லை, முகமே மழமழப்பாகிறது என்று சொல்ல, 1986-ல் வெயிலில் முதிர்ந்த தோலுக்கு இது உதவுகிறது என்று எழுதினார். அதே மனிதர்தான் பிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் வருஷக்கணக்கில் சோதனை நடத்தியவர். டியூபைப் பிதுக்கும்போது சில ராத்திரி அது ஞாபகம் வரும். 1993-ல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று பத்துப் பன்னிரண்டு மாதம் ட்ரெட்டினாய்ன் பூசியவர்களின் தோலை எடுத்துப் பார்த்தது. புதுக் கொலாஜன் உருவாவது 80 சதவிகிதம் கூடியிருந்தது. மருந்தில்லாத வெறும் கிரீம் பூசியவர்களுக்கு 14 சதவிகிதம் குறைந்திருந்தது. 1995-ல் அமெரிக்க மருந்து ஆணையம் மெல்லிய சுருக்கங்களுக்கென்றே இதை அனுமதித்தது. முகத்தில் பூசுகிற பொருள்களில் சுருக்கத்துக்கு இவ்வளவு ஆழமான சான்று இதற்குத்தான் உண்டு. அதன் விலை, இந்த ஏழு டப்பாவில் இருப்பதிலேயே குறைவு. ரெட்டினாலுக்கு 5, ட்ரெட்டினாய்னுக்கு 9. ஒரு மார்க் அந்த அம்மை நாளுக்காகக் குறைக்கவில்லை, அது என் அவசரம். முதல் மூன்று மாதம் ஒன்றுமே தெரியாது, முகம் வறண்டு போகும், பொறுமையைச் சோதிக்கும். அதற்குத்தான்.

தீபாவளிக்கு வந்தபோது மகள் அந்த டியூபைக் கேட்டாள். தரவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம், குழந்தைக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்களும் கர்ப்பிணிகளும் வைட்டமின் ஏ குடும்பத்தையே முகத்தில் தொடக் கூடாது. அவளிடம் இருந்த ரெட்டினாலையும் வாங்கி வைத்துக்கொண்டேன். "வாங்கிக் குடுத்ததே நான்தானேம்மா" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஏழாவது டப்பாவை முதலில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே பாதியாகியிருக்கும். சன்ஸ்கிரீன். 50 கிராம், 450 ரூபாய்.

எஸ்.பி.எஃப். என்ற வெயில் காப்பு எண் பெரும்பாலும் யூ.வி.பி.-யைப் பற்றித்தான் சொல்லும். 30 என்றால் ஏறக்குறைய 97 சதவிகிதம் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவிகிதத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பது அவரவர் விருப்பம். பஸ் ஜன்னலுக்கு முக்கியம் பி.ஏ. என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் கூட்டல் குறிகள், அதுதான் யூ.வி.ஏ. கணக்கு. மூன்றோ நாலோ இருக்கட்டும். இந்த எண்களெல்லாம் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து வந்தவை. என் முகமும் கழுத்தும் சேர்த்து 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் 1.2 கிராம் வேண்டும். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டிவரும். நான் அதுவரை பூசிக்கொண்டிருந்தது பொட்டு அளவு. கணக்குப்படி 50 கிராம் டியூப் 41 நாள் வரும், நாளுக்கு 11 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு டியூப் வாங்குகிறவர்கள் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று யோசிக்கலாம்.

முதல் டியூப் துத்தநாக ஆக்சைடு போட்டது. இரண்டு விரல் பூசியதும் முகம் சாம்பல் பூத்துவிட்டது. "டீச்சர், இன்னைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்தீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். விபூதி என்று நினைத்துவிட்டாள். டாக்டர் சொல்லி, இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள வகைக்கு மாறினேன். நம் நிறத்தோடு கலந்துவிடுகிறது. இன்னொரு லாபமும் உண்டு: மங்கைக் கருக்க வைப்பதில் கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு, சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது, இரும்பு ஆக்சைடு தடுக்கும். ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 900-க்கும் மேற்பட்டவர்களை நாலரை வருஷம் கவனித்தார்கள். தினமும் பூசியவர்களின் தோல் முதிர்ச்சி, தோன்றியபோது பூசியவர்களை விட 24 சதவிகிதம் குறைவு என்று 2013-ல் எழுதினார்கள். சன்ஸ்கிரீனுக்கு 9. வியர்வையில் மத்தியானத்துக்குள் பாதி வழிந்துவிடுகிறது, திரும்பப் பூசப் பள்ளிக்கூடத்தில் தோதில்லை. அதனால் பத்து இல்லை. குடைக்கும் முந்தானைக்கும் தனியாக மார்க் போடலாம்.

சீட்டையும் மாற்றிவிட்டேன். இப்போது வலது பக்கத்து மூணு சீட்டில். முதல் வாரம் நடத்துநர், "டீச்சர், லேடீஸ் சீட்டு காலியாத்தான இருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டார். விளக்கிச் சொன்னேன். மறுநாள் அவரும் இடது பக்கம் சாய்ந்து நிற்பதை விட்டுவிட்டார்.

இந்த ஏழிலும் சேராத ஒன்றைப் பற்றி எச்சரிக்காமல் போனால் மனசு கேட்காது. எங்கள் பக்கம் ஒரு கடையில் லேபிளே இல்லாத வெள்ளை டப்பாவில் "நைட் கிரீம்" விற்றார்கள். பத்தே நாளில் பளிச்சென்று ஆகும் என்றார்கள். உடன் வேலை பார்க்கிறவர் ஒருவர் வாங்கினார், ஆனதும் உண்மை. நிறுத்தியதும் முகம் மிளகாய்ப் பழமாகி, ரோமம் முளைத்து, தோல் மெலிந்து நரம்பு தெரிந்தது. ஸ்டீராய்டு போட்ட கிரீமின் லட்சணம் இது. சிலவற்றில் பாதரசம் இருக்கும், மெலனின் தயாரிக்கும் நொதியை அது முடக்கும், தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் முடக்கும். 2023-ல் மலப்புரம் பக்கம் அப்படிச் சிறுநீரகம் பாதித்தவர்களைக் கண்டுபிடித்தது செய்தியானது. பத்து நாளில் வேலை செய்கிறதென்றால் டப்பாவைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள். எழுத்தே இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பதினெட்டு மாதம் கழித்து இடது கன்னம் எப்படி இருக்கிறது? மங்கு முழுசாகப் போகவில்லை, பாதிக்கு மேல் மங்கிவிட்டது. போன சித்திரையில் பத்து நாள் சன்ஸ்கிரீன் தீர்ந்து, வாங்கச் சோம்பல்பட்டபோது மறுபடி தலைகாட்டியது. கண்ணோரக் கோடுகளில் மெல்லியவை குறைந்திருக்கின்றன, சிரித்தால் விழும் ஆழமான இரண்டு அப்படியே. தொட்டால் முன்னைப் போலச் சொரசொரப்பு இல்லை. தொங்கலுக்கு எந்த டப்பாவும் ஒன்றும் செய்யவில்லை. இப்போது அலமாரியில் இருப்பது காலைக்கு சன்ஸ்கிரீன், ராத்திரிக்கு ட்ரெட்டினாய்ன், மேலே ஒரு கிளிசரின் கிரீம். நியாசினமைடு தீர்ந்தால் வாங்குவேன், வைட்டமின் சி-யை மகள் அனுப்பினால் போடுவேன்.

கொலாஜன் ஜாடியை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை. முக்கால் ஜாடி மிச்சம் இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்திக்கு சன்ஸ்கிரீனோடு சேர்த்து அதையும் கொடுத்தேன். போன வாரம் போன் செய்தார். சன்ஸ்கிரீன் பிசுபிசு என்று இருக்கிறதாம், பேத்தி எடுத்துக்கொண்டாளாம். "ஆனா அந்தக் கண்ணாடி ஜாடி மருந்து ஒண்ணு குடுத்தியே, குதிகால் வெடிப்புக்கு அருமையா கேக்குதுடி. காட்டுல நடக்கும்போது வலியே இல்ல. தீரப் போகுது, இன்னொண்ணு வாங்கிட்டு வா. என்ன, ஒரு அம்பது ரூவா இருக்குமா?"

இருக்கும் சித்தி என்றேன்.